கல்யாண வீட்டு மாவு

ஃபஸீலத் பீபிக்கு வலி என்று ஒன்று உண்டு என்பதே இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் யாருக்கும் தெரியாது. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் "அல்லாவுக்கு சுக்ரு" என்பாள். மூன்று பிரசவத்திலும் அதைத்தான் சொன்னாள். போன நவம்பரில் மாரடைப்பு வந்து ஆம்புலன்ஸில் கிடந்தபோதும் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அதையே சொன்னாள். சுக்ரு என்றால் நன்றி; குறை சொன்னால் நன்றி கெட்டவள் என்று மேலே வானத்தில் எழுதிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. அவள் அம்மா அப்படி, அம்மாவின் அம்மா அப்படி. பாகிஸ்தான் பக்கத்து மீர்ப்பூர்க்காரப் பெண்களிடம் வலியைக் கேட்டு வாங்குவதைவிடக் கல்லில் நார் உரித்துவிடலாம்.

அந்த ஆம்புலன்ஸில் மனதுக்குள் ஒரு நேர்ச்சையும் செய்துகொண்டாள். ரப்பே, என் இறைவா, எழுந்து நடந்தால் உன் வீட்டைச் சுற்றி ஏழு தடவை நடக்கிறேன். எழுந்தாள், நடந்தாள். மகன் தாரிக் மக்காவுக்கு, காபாவைச் சுற்றிவரும் உம்ரா பயணத்துக்கு, டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அடுத்த மாதம் இருபதாம் தேதி பயணம். ஆனால் விமானம் ஏறலாம் என்று டாக்டர் கடிதம் தரவேண்டும். இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பை நடத்தும் மெஹ்விஷ் எழுதித் தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதத்தில்தான் ஃபஸீலத்தின் உயிரே இருந்தது.

அந்தப் பயிற்சிக்கு முதலில் வந்த அழைப்பு ஆஸ்பத்திரி ஜிம்முக்கு. ஆணும் பெண்ணும் ஒன்றாக, இறுக்கமான கால்சட்டை, ட்ரெட்மில், காதைப் பிளக்கும் பாட்டு. கடிதத்தை மடித்து அலமாரிக்குள் வைத்தவள் மறந்தே போனாள். அவளைப் போல முப்பது பேர் மறந்தார்கள். 'இவர்களுக்கு அக்கறை இல்லை' என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதி மூடிவிட இருந்த இடத்தில்தான் மெஹ்விஷ் வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்த பெண், பிசியோதெரபிஸ்ட். பஹாடி மொழியைக் கொன்று கொன்று பேசுவாள். அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று லீட்ஸ் ரோட்டில் ஒரு மாடியைப் பிடித்தாள். பெண்கள் மட்டும். சல்வார் கமீஸோடு வரலாம். ஜன்னலுக்குத் திரை. எல்லாம் சரி, கீழே ஜிலேபிக் கடை. இதயம் கெட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஜிலேபி வாசனைக்கு நடுவே நிறுத்திய புத்தியை என்னவென்று சொல்ல!

அந்த வாசனையில் ஃபஸீலத்துக்கு எல்லாமே பாதிக் கனவாக இருக்கும். மாரடைப்புக்குப் பிறகு உலகமே கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. மாத்திரையோ என்னவோ, ஆட்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போலிருக்கும். அவளுக்கு அது பிடித்துமிருந்தது.

சிரமத்தைச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ஆறில் தொடங்கி இருபது வரை எண்கள். முதல் நாளே அதைப் பார்த்து, வகுப்புக்கு வந்த ரேஷம் ஜான் கேட்டாள்.

"ஏன் ஆறுல ஆரம்பிக்குது? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் வெள்ளக்காரங்களுக்கா?"

மெஹ்விஷுக்கே சிரிப்பு. அட்டையைத் தூக்கிப் போட்டாள். அவளுக்கு அங்கே எல்லாரும் 'காலா', அதாவது சித்தி. "சரி காலா, நீங்களே சொல்லுங்க. லேசான வேலை எது?"

"ரெண்டு பேருக்கு ரொட்டி மாவு பெசையறது."

"கொஞ்சம் கஷ்டம்?"

"பத்துப் பேருக்கு."

"ரொம்பக் கஷ்டம், இதுக்கு மேல முடியாதுன்னா?"

"கல்யாண வீட்டு மாவு!" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அதெல்லாம் எந்தக் காலம்," என்றாள் ரேஷம். "என் மருமக கல்யாணத்துல பானிப்பூரி வண்டிதான் வந்துச்சு."

அப்படியே சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. அன்றிலிருந்து வகுப்பு களைகட்டியது. வகுப்புக்கு ஒருமுறை, நடக்கும்போது மெஹ்விஷ் ஒவ்வொருத்தியாகக் கேட்பாள். ஒருத்தி பத்துப் பேர் மாவு என்பாள், இன்னொருத்தி பதினைந்து பேர், அதிலும் மாமியார் வீட்டு ஆட்கள் என்பாள். ஃபஸீலத் மட்டும் எப்போதும் ஒரே பதில்தான்.

"ரெண்டு பேர் மாவு, மகளே. சுக்ரு."

"நெசமாவா காலா?"

"நெசமாத்தான்."

மெஹ்விஷ் நோட்டில் எழுதிக்கொள்வாள். பன்னிரண்டு வகுப்பிலும் பன்னிரண்டு முறை. நடுவில் சில நாட்கள் தாடைக்குக் கீழே ஏதோ பிடித்து இழுத்ததுண்டு. பல் வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நோட்டுதானே கடிதமாகப் போகிறது?

பதின்மூன்றாம் வகுப்புதான் கடைசி. நடக்கச் சொன்னாள் மெஹ்விஷ். அறையின் நடுவே நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, முதல் நாளிலிருந்தே பெண்கள் எல்லாரும் அந்த அடுக்கைத் தங்கள் இடது கைப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். எதைப் போலச் சுற்றுகிறோம் என்று ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. மெஹ்விஷும் கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சுற்றுகளை மட்டும் ஏழாக்கிவிட்டாள்.

முதல் சுற்றிலேயே ஃபஸீலத் வேறெங்கோ போய்விட்டாள். தரை பளிங்கானது, காலுக்குக் குளிர்ந்தது. நாற்காலி அடுக்கின் மேல் யாரோ கறுப்புப் பட்டுத்துணியைப் போர்த்தினார்கள். ரேஷமின் மூச்சு, தெரியாத ஆயிரம் பேரின் மூச்சானது. மூன்றாம் சுற்றில் தன் அம்மா கூட்டத்தில் போவதைக் கண்டாள். செத்து இருபது வருஷமானவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகப் போனாள். அம்மாவும் இப்படித்தான் போனாள். கடைசி நாள் காலையில் கூட சுக்ரு என்றாள், மதியம் அடுப்படியில் விழுந்து கிடந்தாள்.

ஐந்தாம் சுற்றில் தாடை இழுத்தது. பிறகு தோள். பிறகு நெஞ்சின் மேல் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

இன்னும் இரண்டு சுற்று. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டால் கடிதம் கையில். நடந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"எப்படி இருக்கு காலா?"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று ஃபஸீலத்துக்குத் தெரியவில்லை. பளிங்குக்கு மேலிருந்து வந்த மாதிரி இருந்தது. அல்லாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவனிடமே பொய் சொல்வதா?

"கல்யாண வீட்டு மாவு," என்றாள். "ரப்பே, கல்யாண வீட்டு மாவு. என்னால முடியல."

பட்டும் பளிங்கும் போய் நாற்காலிகள் திரும்பி வந்தன. அதில் ஒன்றில் அவளை உட்காரவைத்து, நாக்குக்கு அடியில் மருந்தைப் பீச்சினாள் மெஹ்விஷ். ஐந்து நிமிஷம் பார்த்து மறுபடி பீச்சினாள். வலி பாதிதான் இறங்கியது. ரேஷம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுத் தன் துப்பட்டாவால் விசிறினாள். விசிறிக்கொண்டே திட்டினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, அக்கா? இத்தன நாளா ரெண்டு பேர் மாவு, ரெண்டு பேர் மாவுன்னு!"

ஃபஸீலத் மெஹ்விஷின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் பொங்கியது. "கடிதம் போச்சா, மகளே?"

"இருபதாம் தேதி போக முடியாது காலா. மறுபடி உள்ள பாக்கணும், அடைப்பு எங்கன்னு தேடணும்."

"சொல்லாம இருந்திருந்தா குடுத்திருப்ப."

"இல்ல," என்றாள் மெஹ்விஷ். மடியிலிருந்த நோட்டைத் திறந்து காட்டினாள். மேலிருந்து கீழ்வரை பன்னிரண்டு வரி, பன்னிரண்டும் ஒன்றே. "எந்த மனுஷ நெஞ்சும் ஆறு வாரம் ஒரே மாதிரி இருக்காது. இத வச்சு உங்கள ப்ளேன்ல ஏத்த எனக்குத் தைரியமில்ல. முடியாதுன்னு எழுதறதாத்தான் இருந்தேன். இன்னைக்குத்தான் உங்களப் பத்தி எழுத எனக்கு ஒரு வரி கெடச்சிருக்கு. குணமாகி வாங்க, நிச்சயமா அனுப்பறேன்."

ஃபஸீலத் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப மொதல்லயே எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா, புள்ள?"

"கேட்டேனே காலா," என்றாள் மெஹ்விஷ். "பன்னிரண்டு தடவ கேட்டேன்."