மேல் போல்ட்

இன்னைக்கு நான் புது வேலையில சேரணும். பஸ் போகாத இடம், கார்லதான் போயாகணும். காலையில பையோட வெளிய வந்து பாத்தா, என் வீட்டுக்காரர் காருக்கு அடியில படுத்திருக்கார். பக்கத்துல ஒரு பேசின் நிறைய பழைய கியர் ஆயில், கருகின வாடையோட.

“ஆட்டோமேட்டிக் வண்டி, நீ தூரம் வேற ஓட்டப்போற. ஆயிலை மாத்திடலாம்னு கீழ் போல்ட்டைக் கழட்டிப் பழசை முழுசா வடிச்சுட்டேன். இப்பப் பாத்தா, புதுசு ஊத்துற மேல் போல்ட் கழல மாட்டேங்குது. ஆயில் இல்லாம வண்டி நகராது. என்ன பண்றது, உன் நேரம்”னு ஸ்பானரால தட்டிக்கிட்டே சொன்னார்.

நேரமாம் நேரம்! எனக்கு வேலை கிடைச்சதுலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த மனுஷனுக்கு இன்னைக்குன்னு பாத்து அக்கறை பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

போன மாசம் என் தம்பி அவன் கார்ல இதே தப்பைப் பண்ணினான். அப்ப இவர் தெருவே கேக்குற மாதிரி கத்தினார்: “மேல் போல்ட் கழலுதான்னு பாக்காம கீழ் போல்ட்ல கை வைக்கிறவன் முட்டாள்டா!”

நான் பையைக் கீழ வெச்சுட்டுக் குனிஞ்சேன்.

“ஏங்க, நீங்க முட்டாள் இல்லையே?”

ஸ்பானர் சத்தம் நின்னுபோச்சு.