நெல் காயும் இடம்

ஞானசௌந்தரிக்கு வாய் நீளம் என்று கீழக்கொல்லையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். புருஷன் போன பிறகு ஆறு மா நிலத்தில் ஒற்றை ஆளாக நின்று பயிர் வைக்கிறவள், வாயையும் குறைத்துக்கொண்டால் எதை வைத்துப் பிழைப்பாள்? அதனால் அதைக் குறைக்கிற யோசனையே அவளுக்கு வந்ததில்லை.

அந்தத் தை மாதம் அவள் வாய்க்கு வேலை கொடுத்தது கொம்யூன் பஞ்சாயத்து. காரைக்கால் பக்கம் பஞ்சாயத்து ஆபீசுக்கு அப்படித்தான் பேர். ஊருக்குள் வரும் ரோட்டில் யாரும் நெல் காயப்போடக் கூடாது, போட்டால் அள்ளிக்கொண்டு போய்விடுவோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ‘பாதுகாப்பான கிராமம்’ என்று ஒரு திட்டமாம். மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது, ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வர வழி வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சுதான், இல்லையென்று அவளும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ரோட்டில் போடாமல் வேறு எங்கே போடுவது?

ஊருக்கென்று ஒரு களம் இருந்தது. சிமெண்டுத் தரை, நல்ல வெயில், முறை வைத்துக்கொண்டு எல்லோரும் அங்கேதான் காயவைப்பார்கள். போன வருஷம் கொம்யூன்காரர்கள் அந்தக் களத்தின் மேலேயே ஒரு கட்டடத்தை எழுப்பி, ‘சமுதாயப் பாதுகாப்பு மையம்’ என்று நீலப் பலகை மாட்டினார்கள். ரிப்பன் வெட்டி, ஊருக்கெல்லாம் கேசரி கொடுத்து, மறுநாள் பூட்டியவர்கள்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் சுவரில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். நெருப்பை அணைக்கிற வாளிகளாம், அவற்றுக்கும் ஒரு பூட்டு.

அறுப்பு நேரத்தில் மழை வேறு பெய்து தொலைத்துவிட்டது. ஈர நெல்லை வியாபாரி கையால் தொடமாட்டான். இன்னும் ஓரிரு நாள் மூட்டையில் கிடந்தால் முளைத்துவிடும், அப்புறம் கோழிக்குத்தான் போடவேண்டும். அவள் யோசிக்கவில்லை. டிராக்டர் வைத்து மொத்த நெல்லையும் ரோட்டில் கொட்டிப் பரப்பினாள்.

சாயங்காலம் கொம்யூன் என்ஜினியர் சிவநாதன் வந்து வண்டியை நிறுத்தினார். பக்கத்து ஊர்க்காரர், அவர் வீட்டிலும் விவசாயம் உண்டு.

“அக்கா, மைக்ல சொன்னது காதுல விழலீங்களா?”

“விழுந்துச்சு தம்பி. களத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே, அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“நெருப்பு கிருப்பு புடிச்சா வண்டி எப்படி உள்ள வரும்?”

“அதைக் களத்துல கட்டடம் கட்டுறப்பல்ல யோசிச்சிருக்கணும்.”

“நாளைக்கு நான் வர்றப்ப இது இங்க இருக்கக் கூடாது.”

“இருக்கும். நாளைக்கும் வெயில் அடிக்குமில்ல.”

அடித்தது. உச்சி வெயிலில் வடிவாம்பாள் வீட்டு மாட்டுக்கொட்டகை தீப்பிடித்துக்கொண்டது. வடிவாம்பாள் பக்கத்து வயல்காரி. வரப்புத் தகராறில் ஞானசௌந்தரியோடு பேச்சை நிறுத்தியவள். ஆனால் எரிகிற கொட்டகைக்கு முன்னால் வரப்பாவது தகராறாவது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே அடிபம்பில் மாறி மாறித் தண்ணீர் அடித்தார்கள். கொட்டகையை ஒட்டி வடிவாம்பாளின் கூரை வீடு, அதை ஒட்டி இன்னும் வரிசையாகக் கூரை வீடுகள். காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசியது.

காரைக்காலிலிருந்து தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது. ஊர் எல்லைக்கு வந்ததும் அலறல் அப்படியே ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஞானசௌந்தரிக்குப் பொசுக்கென்று புரிந்தது. டூவீலர் போகிற அளவுக்கு ஓரத்தில் வழி விட்டிருந்தாள். வருவது டூவீலர் இல்லையே. கையிலிருந்த குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வண்டி நெல்லுக்கு முன்னால் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வாய்க்கால். தீயணைப்புக்காரர்கள் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் நெல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தெட்சிணாமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தவித்தார்.

“என்னய்யா நின்னுட்டீங்க?”

“நெல்லும்மா. மேல எப்படி ஏத்துறது?”

அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். சிந்தின நெல்லை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி. ஞானசௌந்தரி தன் நெல்லைப் பார்த்தாள். நாற்று விட்டது, களை பறித்தது, மழையில் நனைந்துகொண்டே அறுவடை மெஷினுக்குக் காத்து நின்றது, எல்லாம் அங்கே மஞ்சளாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். புகை வடிவாம்பாள் வீட்டுக் கூரைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏத்துங்க.”

“அம்மா...”

“எந் நெல்லு. நான் சொல்றேன். ஏத்துங்க.”

தெட்சிணாமூர்த்தி கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கியரைப் போட்டார். சக்கரத்தடியில் நெல் நொறுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, வண்டியின் பின்னாலேயே ஓடினாள்.

கொட்டகை போயிற்று. வீடு ஒன்றுகூடப் போகவில்லை. வண்டி வந்த வழியே தண்ணீரைச் சொட்டிக்கொண்டு திரும்பியதில், சக்கரத் தடத்தில் கிடந்ததெல்லாம் தவிடும் சேறுமாகிவிட்டது. மீதியை அன்று பொழுது சாயும்வரை அவள் கூட்டி அள்ளினாள். கேட்காமலே வந்து சாக்கைப் பிடித்தாள் வடிவாம்பாள்.

சிவநாதனும் வந்தார். “பாத்தீங்களா அக்கா, நான் சொன்னது நடந்துச்சா?”

“நடந்துச்சு. தப்பு எம்மேலதான். இனிமே ரோட்டுல ஒரு மணி நெல்லு போடமாட்டேன்.”

அவள் இப்படி இறங்கி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. மனம் குளிர்ந்துவிட்டது. “நெல்லைப் பாக்காம வண்டிக்கு வழி விட்டதுக்குக் கொம்யூன் ஆணையரே உங்களுக்குப் பொன்னாடை போத்துறேன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு மையத்துலதான் விழா. வந்துடுங்க.”

“கதவு எப்ப திறப்பீங்க?”

“காலையிலயே ஆள் வந்து திறந்து கூட்டிடுவான்.”

“கட்டாயம் வர்றேன் தம்பி.”

மறுநாள் காலை சிவநாதன் பொன்னாடைப் பையோடு வந்து இறங்கியபோது, பெருக்க வந்த ஆள் வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். உள்ளே சுவரில் வாளிகளைக் காணோம். மாடிப்படியெல்லாம் நெல் சிந்திக் கிடந்தது. சிவநாதன் படியேறி ஓடினார்.

மொட்டைமாடி முழுக்க நெல். ஞானசௌந்தரி ஒரு மூலையில் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். வடிவாம்பாளும் தெருப் பெண்களும் சிவப்பு வாளிகளில் நெல்லைச் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்னக்கா இது? முதல்ல எல்லாத்தையும் எடுங்க.”

“எடுக்குறேன். எடுத்து எங்க கொட்டட்டும்? ரோட்டுலயா?”

சிவநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரோட்டுல கொட்டுன்னு எழுதிக் குடுங்க தம்பி. இப்பவே அள்ளிடுறோம்.”

“ஆணையர் வந்துக்கிட்டு இருக்காங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?”

ஞானசௌந்தரி கையை நீட்டிக் காட்டினாள். மாடியிலிருந்து பார்த்தால் ஊர் எல்லைவரை ரோடு சுத்தமாக, வெறிச்சென்று தெரிந்தது. “ரோடு காலியா இருக்குன்னு சொல்லுங்க. அதைத்தானே கேட்டாங்க?”

“சாவி எங்க?”

“உங்க ஆள்கிட்ட வாங்கி எம் முந்தானையில முடிஞ்சிருக்கேன். ஊர் நெல்லு மொத்தமும் காயட்டும். அதுக்கப்புறமும் வேணும்னா, வேற களம் கட்டிக் குடுத்துட்டு வாங்கிக்குங்க.”

சிவநாதனுக்குக் கோபம் வந்தது. அதட்டிவிடுவது என்று ஓரடி முன்னால் வைத்தார்.

“நில்லுங்க” என்றாள் ஞானசௌந்தரி. “திட்டுறதுன்னா திட்டுங்க. மொதல்ல செருப்பைக் கழட்டுங்க. கீழ நெல்லு.”

சிவநாதன் குனிந்து பார்த்தார். பொன்னாடைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.