பைலட் முன்னால் போன அரை மணி நேரம்

எங்கள் நடைக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு அரை மணி நேரம் முன்னால் நடக்க வேண்டும், மரத்தில் நீலக் கோடு தெரிந்தால் "நீலம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கோடு போகிற வழிதான் பாதை. சட்டம் போட்டவர் விசில் அக்கா. பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரசுப் பூங்காவின் ஆற்றோரப் பாதையில் பத்துப் பேர் நடந்தோம். இந்தக் குளிர் தேசத்தில் அது பனிக்காலம், கணுக்கால் வரை பனி. ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்துபோய், நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. காபி பிளாஸ்க்கைச் சுமந்தது நான், கைவீசி நடந்தது என் வீட்டுக்காரர். டவுன் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் குழுவில் அவருக்குப் பைலட் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

"பைலட், அடுத்தது நீங்க," என்றார் அக்கா.

"நான் கடைசியில வர்றேனே."

"ஏன், வண்டி ரிப்பேரா?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துத்தான் வைக்க வேண்டும். மனிதர் வேறு வழியில்லாமல் முன்னால் போனார்.

பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. இரண்டு தடவை கோடே இல்லாத இடத்தில் "நீலம்!" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தோம். பிறகு பாதை வலது பக்கம் மேட்டுக்குத் திரும்பியது. திருப்பத்து மரத்தில் திரும்பச் சொல்லி இரண்டு கோடுகள், ஒவ்வொன்றும் கை அகலம். இவர் திரும்பவில்லை. மீன் பிடிக்கப் போன யாருடைய பூட்ஸ் தடமோ நேராக ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இவரும் இறங்கினார்.

"என்னங்க, மரத்தைப் பாருங்க!"

"நீலம்!" என்று கத்தினார், ஆற்றைப் பார்த்தபடி.

விசில் அலறியது. அதற்குள் ஐஸ் மடக்கென்று உடைந்து, ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நல்லவேளை, ஓரம்தான், ஆழமில்லை. அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.

மற்றவர்கள் தள்ளி நின்று காபி குடித்தார்கள். விழுந்து கிடந்த மரத்தில் அவரை உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, என் மப்ளரால் காலைத் தேய்த்தேன். ஏதோ உறுத்தியது.

"அந்த மரத்துல எத்தனை கோடு?"

பத்தடி தூரம்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணு."

நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"மூணா?" என்றார்.

அட கடவுளே! பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் விளையாட்டாக இவரை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரியைக்கூடக் கடகடவென்று சொன்னார். கடையில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் அந்த அட்டைக்கு எதிரில்தானே உட்கார்ந்திருப்பார்! மனிதர் படிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறார். எனக்கு அது உறைக்கவே இல்லை.

"எத்தனை நாளா?"

"கோடையிலேர்ந்து."

தேய்ப்பதை நிறுத்தினேன். "மனுஷனா நீங்க? தினம் அம்பது பேரை ஏத்திக்கிட்டு..."

"ரூட் எனக்கு மனப்பாடம்டி. எங்க பள்ளம், எங்க ஸ்டாப்பு, எல்லாம் தெரியும்."

"குறுக்க வர்றவங்க? அவங்களையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்களா?"

ஈரக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதன்கிழமை ஒரு அம்மா வந்தாங்க, குடை பிடிச்சுக்கிட்டு. சக்கரத்துக்கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சாங்க. பிரேக் போட்டுட்டேன். ஒண்ணும் ஆகல. நான் வழி விட்டேன்னு நெனைச்சு, கையாட்டிட்டுப் போனாங்க." கழற்றிய ஈரச் சாக்ஸைப் பிழிந்தார். "அன்னையிலேர்ந்து தூக்கமே இல்ல. நாளைக்கு ஆறு மணி ட்ரிப் வேற."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், இத்தனை நாள் இதை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு புழுங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பையிலிருந்த காய்ந்த சாக்ஸை மாட்டிவிட்டேன்.

"கண்ணுல புரையா இருந்தா எடுத்துடலாம்," என்றேன்.

"இல்லேன்னா?"

"தெரியலங்க." பொய் சொல்ல மனசு வரவில்லை.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "பைலட்டுக்கு இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. முடியலன்னா நான் போறேன்."

"நானே முடிச்சிடறேன்," என்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முணுமுணுப்பேன், "வலது பக்கம், பெரிய மரம்." அவர் "நீலம்!" என்று கத்துவார். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம் அப்படியே நடந்தோம்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், அவர் காரில் இருக்கும்போது என்னை ஓட்ட விட்டதே இல்லை. என் லைசென்ஸ் சும்மா பர்ஸில் கிடக்கும். அன்றைக்குக் கார் நிறுத்தும் இடத்தில் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். போனை மூக்குக்கிட்ட வைத்து டிப்போ நம்பரைத் தேடினார்.

"சார், நாளைக்குக் காலையில என்னைப் போடாதீங்க... இல்ல சார், காய்ச்சல் இல்ல. கண்ணு... ஆமா, கண்ணுதான் சார். எத்தனை நாள்னு தெரியல. அப்படியே எழுதிக்கோங்க."

வண்டியைக் கிளப்பினேன்.

"மெதுவாப் போ. முன்னாடி ஒரு வளைவு வரும். இந்தப் பக்கம் முழுக்கப் பள்ளம்."

"தெரியுதா உங்களுக்கு?" என்றேன் ஆசையாக.

"இல்ல. காலையில நான்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன்."

காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன். வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன்.