எண்ணெய்க் கவுண்டரில் மொட்டைத் தலை

கடையில் அவளைச் 'சடை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கவுண்டரில் அவள் வாய் திறக்கவே வேண்டாம். திரும்பி நின்றால் போதும், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பின்னல் இப்போது எலிவாலாகியிருந்தது. குடல்வால் வெடித்து, அவசர ஆபரேஷன் நடந்து, பிழைத்து வேலைக்குத் திரும்பி, அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. "உடம்பு பட்ட அதிர்ச்சிம்மா. சில மாசத்துல தானா வளந்துடும்" என்றார் டாக்டர். மேனேஜருக்கு அதுவரை பொறுமையில்லை. அறைக்குக் கூப்பிட்டு, மேஜைமேல் ஒரு சவுரியை வைத்தார்.

"இதை வச்சுக் கட்டிக்கிட்டு நில்லு. இல்லன்னா குடோனுக்குப் போயிடு."

"என் முடியைக் காட்டி வித்தேன் சார். இப்ப யார் முடியைக் காட்டி விக்கச் சொல்றீங்க?"

"மதியத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசிக்கவில்லை. நேரே டிரிம்மர் கவுண்டருக்குப் போனாள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம். எதை விற்றாலும், விற்பவர் தன் உடம்பிலேயே போட்டுக் காட்ட வேண்டும். லிப்ஸ்டிக் விற்கும் பெண்ணின் கை எப்போதும் வரிவரியாகச் சிவந்திருக்கும். டிரிம்மர்காரருக்கு இரண்டு கைகளிலும் மழிக்க முடியே மிச்சமில்லை. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இன்னிக்கு என் தலையில ஓட்டிக் காட்டுங்க."

"விளையாடாதே தங்கச்சி. உன் வீட்டுக்காரர் வந்து என்னை மழிச்சுடுவார்."

"மழிக்க உங்ககிட்ட என்ன இருக்கு? குடுங்க இப்படி."

வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று, நெற்றியிலிருந்து ஓட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது, நிறுத்தவில்லை. பின்பக்கத்தை மட்டும் டிரிம்மர்காரர் முடித்துக் கொடுத்தார்.

வழித்த தலையோடு எண்ணெய்க் கவுண்டரில் போய் நின்றாள். மேனேஜர் ஓடி வந்தார். அதற்குள் ஒரு பெண்மணி பாட்டிலைத் தூரப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்: "ஏம்மா, இதைத் தேச்சா இப்படித்தான் ஆகுமா?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லக்கா. ஆபரேஷன் ஆச்சு, அதுல கொட்டிடுச்சு. தானா வந்துடும்."

"அப்ப இந்த எண்ணெய் எதுக்கு?"

"வாசனையா இருக்கும், சிக்கு விழாது. முடி முளைக்க வைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

அந்தப் பெண்மணி அவள் தலையை ஒரு கணம் பார்த்தார். "உண்மையைச் சொல்றியே" என்று சொல்லி, பெரிய பாட்டிலாகக் கேட்டார். அவர் நகரும்வரை காத்திருந்து, மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"வளர்ற வரைக்குமாவது உள்ள இருக்கலாமில்ல?"

"இங்க நின்னுதான் சார் வளப்பேன்" என்றாள் அவள். "தள்ளுங்க, கஸ்டமருக்கு மறைக்குது."