மதிலுக்கு அந்தப் பக்கம்

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் அதட்ட ஆள் கிடைக்கவில்லை. மனைவி நெஞ்சு நோயாளி. அவளிடம் குரலை உயர்த்தக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே மதிலோரம் ஒரு பூங்கொடியை நட்டு அதை அதட்டத் தொடங்கினார்.

கம்பி இழுத்துக் கட்டி, கொடி எங்கே ஏறி எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் தீர்மானித்துக் கொடுத்தார். உரமும் தண்ணீரும் நேரம் தவறாமல் போயின. கொடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இலையாக விட்டுத் தள்ளியது. அவர் உரத்தைக் கூட்டினார். இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. கடவுள் வெயிலை எந்தப் பக்கம் அனுப்புகிறார் என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை. சொன்ன தடத்தில் போகாத தளிர்களை, டிக்கெட் எடுக்காத பயணியை இறக்கிவிடும் கண்டிப்போடு மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வீடு. கொஞ்ச நாளாக ஈரத் துணியை நாற்காலிகளின்மேல் காயப்போடுகிறாள், ஒழுங்கில்லாத பெண்பிள்ளை என்று மனைவியிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறார்.

மனைவி அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேரும் நாள் நெருங்கியது. திரும்பி வருவோமா என்ற பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. போவதற்குள் அந்தக் கொடியில் ஒரு பூவைப் பார்த்துவிட்டால் தேவலை என்றாள். பார்ப்பாய் என்று அவர் வாக்குக் கொடுத்தார், கொடியைக் கேட்காமலேயே.

கிளம்ப வேண்டிய காலையிலும் இலைதான். ஆனால் மதிலைத் தாண்டி ஒரு சிவப்பு இதழ் காற்றில் வந்து விழுந்தது. கத்தரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அவர் தள்ளிவிட்ட தளிர்களெல்லாம் தையல்காரம்மாவின் துணிக்கயிற்றில் படர்ந்து பூத்துக் குலுங்கின. கயிற்றில் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்லை.

"என் கொடிக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"புடிச்சுக்க ஒண்ணும் இல்லாம தரையில கெடந்துச்சுண்ணே. அதான் கயித்த விட்டுக் குடுத்துட்டேன்," என்றாள் அவள். "வெட்டுறதுன்னா வெட்டிக்கோங்க. ஆனா அக்கா ஒரு தடவ பாத்துரட்டுமே."

ஒழுங்கைப் பற்றி அவரிடம் எத்தனையோ பேச்சு இருந்தது. கத்தரியை ஏணிப் படியிலேயே வைத்துவிட்டார். இறங்கிப் போய், மனைவியைக் கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

உட்கார நாற்காலி வேண்டும். நாற்காலியெல்லாம் ஈரத் துணி. தையல்காரம்மா ஒன்றிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு எங்கே போடுவதென்று விழித்தாள். டைம்கீப்பர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

மனைவி பூக்களுக்கு அடியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"கையத் தூக்கிப் புடிங்க. துணி தரையில படுதுல்ல."

வெகு காலத்துக்குப் பிறகு அவரை ஒருவர் அதட்டியது அன்றைக்குத்தான். அவர் கையை உயர்த்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அது ஈரத் துணிக்கு அடியில் இருந்தது.