கர்னல் சிலுப்பவில்லை

நான் கேட்டது விலங்கியல். கிடைத்தது ஆங்கில இலக்கியம். கலந்தாய்வில் என் முறை வந்தபோது விலங்கியலில் இடம் தீர்ந்துபோயிருந்தது. "இங்கிலீஷ் எடுத்துக்கம்மா, அதுலயும் ஆடு மாடெல்லாம் வரும்" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார். என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். முதல் வருஷமே ஐந்நூறு பக்கத்துக்கு ஒரு குதிரை வந்து நின்றது.

அம்மாவுக்கு எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. எனக்குக் காலேஜில் இடம் கிடைத்தால் கிடா வெட்டுவதாக முனியப்பனிடம் வேண்டியிருந்தாள். வேண்டும்போது பாடத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டது அவள் தப்பு. முனியப்பன் மேல் குற்றம் சொல்ல முடியாது. இடம் கிடைத்த வாரமே பென்னாகரம் சந்தையிலிருந்து அப்பா ஒரு கருப்புக் கிடாக்குட்டியைப் பிடித்துவந்து கொட்டகையில் கட்டினார். தை மாதம் பூசை என்று முடிவாயிற்று.

குதிரை நாவலுக்கு வருகிறேன். அது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. குதிரையின் பெயர் கர்னல். பிரபு ஒருவர் அதை உயிராக வளர்க்கிறார். தினமும் லாயத்துக்குப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அப்புறம் விற்றுவிடுகிறார். வாங்கியவரும் அழுகிறார், அவரும் விற்கிறார். எல்லோரும் அழுதுகொண்டே விற்கிறார்கள். குதிரை ஓடும் என்று நான் முந்நூறாம் பக்கம் வரை காத்திருந்தேன். அதுவரை குளிப்பாட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.

எங்கள் ஆசிரியை சகாயமேரி மேடம் லேசில் விடுகிற ஆள் இல்லை. "கதைச்சுருக்கம் எனக்கு வேணாம், அதை யூட்யூப்ல நானே பார்த்துக்குவேன். செல்போன்கிட்ட கேட்டு எழுதுனாலும் கண்டுபிடிச்சுடுவேன். படிச்சப்போ உனக்கு என்ன தோணுச்சு, உன் வாழ்க்கையில அது எங்க ஒட்டுச்சு, அதை மட்டும் எழுது" என்றார்.

என் வாழ்க்கையில் குதிரை எங்கே ஒட்டும்? நான் பார்த்த ஒரே குதிரை முனியப்பன் கோயில் சிமெண்டுக் குதிரை. அதற்கும் ஒரு காது இல்லை. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறவரிடம் மிச்சமிருக்கிற பெயிண்டைப் பொறுத்து அது வெள்ளையாகவும் இருக்கும், நீலமாகவும் இருக்கும். அதை வைத்து நான்கு பக்கம் எழுத முடியாது.

அதனால் கிடாவை வைத்துப் படித்தேன். இதில் அன்பு ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்தான். குதிரையைத் தேய்க்கிற விதவிதமான பிரஷ்களுக்கு ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள் இருந்தன. அகராதியைப் பார்த்தும் விளங்கவில்லை. ஒரு நாள் காலையில் கோபத்தோடு புத்தகத்தைக் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். கிடா மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, துணி தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். அந்தப் பத்தி முழுக்கப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து நாவலில் குதிரைக்கு என்ன நடந்ததோ அது மறுநாள் கிடாவுக்கும் நடந்தது. பெயரும் கர்னல் என்று வைத்தேன்.

"கர்னலா? மிலிட்டரியிலயா வேலை பாக்குது?" என்று அப்பா பக்கத்தில் மாட்டில் பால் கறந்துகொண்டே கேட்டார். அப்பா பெயர் வீரமணி. அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படித்தான் ஒரே வரி பேசுவார்.

ஆட்டுக்குத் தண்ணீர் ஆகாது. ஆரம்பத்தில் ஒரு சொட்டுப் பட்டாலே உடம்பைச் சிலுப்பி என் சுடிதாரை நனைத்துவிடும். நாவலில் வரும் குதிரைக்காரனோ, தான் சொல்லும்வரை குதிரை அசையாமல் நிற்கப் பழக்கியிருந்தான். குளித்து முடித்ததும் கழுத்தில் இரண்டு தட்டு தட்டுவான். அதன் பிறகுதான் அது உடம்பை உதறும். வெள்ளைக்காரன் குதிரைக்கு வருவது எங்கள் கிடாவுக்கு வராதா என்று எனக்கு ரோஷம் வந்தது. பொட்டுக்கடலையும் பொறுமையும் நிறையச் செலவாயின, ஆனால் மார்கழிக்குள் கர்னல் பழகிவிட்டது. குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாலும் நிற்கும். கழுத்தில் தட்டினால்தான் சிலுப்பும்.

கட்டுரையை நன்றாகவே எழுதினேன் என்று இப்போதும் சொல்வேன். 'இந்த நாவலில் குதிரைமேல் எல்லோருக்கும் பாசம் இருக்கிறது. ஆனால் அதனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. விற்கும்போது கேட்கவில்லை, ஏரில் பூட்டும்போது கேட்கவில்லை. எங்கள் ஊரில் கிடா வெட்டும் முன்பு அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சம்மதம் கேட்கிறோம். அது உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். அதுவரை யாரும் கத்தியைத் தொடுவதில்லை. அந்தப் பிரபுவைவிடக் கிடா வெட்டுகிற எங்கள் பெரியப்பா மேலானவர்.' இதை ஆங்கிலத்தில் எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

சகாயமேரி மேடம் வகுப்பிலேயே அதை வாசித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது இல்லைன்னு சொன்னா?" என்று கேட்டார்.

"மேடம்?"

"சிலுப்பலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துவோம் மேடம்."

"அப்பவும் சிலுப்பலைன்னா?"

வகுப்பு சிரித்தது. "அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா. கட்டுரை இன்னும் முடியலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "சிலுப்பாம எங்கடி போவும்? தண்ணி ஊத்துனா எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும்" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். ஊற்றினால் எந்த ஆடும் சிலுப்பும். எங்கள் ஆடு சிலுப்பாது. இது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

கர்னலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. மறைப்பானேன், கறிக்குழம்பும் எனக்குப் பிடிக்கும். ஆனால் தினமும் காலையில் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒன்றைக் குழம்பில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லலாம்தான். "உனக்காவத்தாண்டி வேண்டுனேன். சாமிக்குச் சொன்னதைச் செய்யலைன்னா நீ எல்லாப் பேப்பர்லயும் அரியர் வெச்சுட்டு வந்து நிப்ப" என்பாள். அரியர் வரும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு முனியப்பன் தேவையில்லை.

தை மாதத்து ஞாயிறு. விடிகாலைக் குளிரில் பல் கிட்டியது. புளியமரத்தடியில் சொந்தமெல்லாம் கூடிவிட்டது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது, மசாலா அரைத்து மூடி வைத்திருந்தார்கள். பூசாரி கிருஷ்ணப்பன் கர்னலுக்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி, மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். "உத்தரவு குடு சாமி!"

கர்னல் நின்றது. பின்னால் நின்ற சிமெண்டுக் குதிரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை, இதற்கு இரண்டு காதும் இருந்தது என்பதைத் தவிர.

பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். காதிலும் கொஞ்சம் விட்டார். கர்னல் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. "குளிருல பாவமுங்க, வாயில்லா சீவன். சட்டுனு உத்தரவு குடுத்துட்டா அதுக்கும் நல்லதுதான?" என்றார் பெரியப்பா மாதேஸ்வரன், ஒரு கண்ணை அடுப்பின்மேல் வைத்துக்கொண்டு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

இப்படியே சொம்பு சொம்பாக மூன்று குடம் காலியானதும் பூசாரி ஊரைத் திரும்பிப் பார்த்தார். "குடும்பத்துல யாரோ மனசுல கொறைய வெச்சுட்டு நிக்கறீங்க. சொல்லிட்டீங்கன்னா சாமி எறங்கும்."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "நாந்தானுங்க. போன கோடையில இவன் தக்காளிக்குத் தண்ணி பாயறப்ப மோட்டார் வயரப் புடுங்கிவுட்டவன் நாந்தான். எலி கடிச்சுதுன்னு சொன்னது பொய்யி."

"எனக்கு அப்பவே தெரியும்ண்ணா. எலி எங்கியாச்சும் ஸ்குரூவக் கழட்டுமா?" என்றார் அப்பா.

அண்ணனும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். கர்னல் சிலுப்பவில்லை.

அடுத்து அம்மா விசும்ப ஆரம்பித்தாள். "முனியப்பா, உன்ன மட்டும் நம்பாம காளியாத்தாவுக்கும் ஒரு சேவல வேண்டிக்கிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்." கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினார்கள். கர்னல் சிலுப்பவில்லை.

கடைசியில் பூசாரியின் பார்வை என்மேல் விழுந்தது. "புள்ளைக்குத்தான வேண்டுதல்? புள்ளையே ஊத்தட்டும்."

சொம்பு என் கைக்கு வந்தது. நான் பக்கத்தில் போனதும் கர்னல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. குளிப்பாட்டல் முடிந்துவிட்டதா என்று தினமும் காலையில் பார்க்கிற அதே பார்வை. ஊற்றினேன். என் இடது கை அதன் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் போதும், அம்மா சிரிப்பாள், பெரியப்பா சாப்பிடுவார். அந்த ஆடு முனியப்பனின் உத்தரவுக்குக் காத்து நிற்கவில்லை. என் உத்தரவுக்குத்தான் நின்றது. ஆட்டைக் கேட்கிறோம் என்று பெருமையாக எழுதியவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கற்பூரம் அணைந்தது. பூசாரி பெருமூச்சு விட்டார். "உத்தரவில்லீங்க. இந்தக் கெடா சாமிக்கு வேணாமாம். அவுத்துவுட்டுருங்க. காளியாத்தாளுக்கு வேண்டுன சேவலே ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா மசாலாப் பாத்திரத்தைப் பார்த்தார். அப்பா போய்க் கயிற்றை அவிழ்த்தார். மாட்டை ஓட்டிப் பழகிய கை. "வாடா" என்று கழுத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

கர்னல் மூக்கிலிருந்து வால்வரை சிலுப்பியது. அத்தனை குடத்துத் தண்ணீரும் பூசாரி முகத்திலும் பெரியப்பா வேட்டியிலும் சிமெண்டுக் குதிரையிலும் தெறித்தது.

"உத்தரவு!" என்று பெரியப்பா எழுந்தே விட்டார். பூசாரியும் வாயைத் திறந்தார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை எனக்கு இப்படியா வர வேண்டும்?

அப்பா என்னைப் பார்த்தார். தினமும் காலையில் பால் கறக்கிற மனிதர் அவர். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இத்தனை குடம் ஊற்றியபோதும் அவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பூசாரி பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இது உத்தரவில்லீங்க. குளுருக்கு ஒதறுது."

புளியமரத்தடியில் பேச்சு நின்றுவிட்டது. அங்கே நின்ற எல்லோர் வீட்டிலும் ஒரு கிடா உத்தரவு கொடுத்திருக்கிறது. எல்லாம் தை மாதத்தில், இதே விடிகாலையில், இதே குளிர்ந்த தண்ணீரில். ஒவ்வொருவரும் தங்கள் கிடாவை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

பூசாரி முகத்தைத் துடைத்தார். அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டும் அல்லவா? "கற்பூரம் எரியறப்ப ஒதறுனா உத்தரவு. அமந்தப்புறம் ஒதறுனா குளுரு" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். அந்த மசாலாவில் தக்காளியை வெட்டிப் போட்டுக் குழம்பு வைத்தோம். பாலக்கோடு மண்டிக்குப் போக வேண்டிய தக்காளி, பெரியப்பா தோட்டத்தினுடையது. நன்றாகத்தான் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

திங்கள்கிழமை சகாயமேரி மேடத்திடம் போய், "இல்லைன்னு சொன்னா விட்டுடுவோம் மேடம்" என்றேன்.

"நெசமாவா? அப்படி எத்தனை தடவை நடந்திருக்கு?"

"ஒரு தடவை மேடம்."

அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். பெரியப்பா பிரபுவைவிட மேலானவர் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் குதிரை நாவலைப் பக்கத்தில் விரித்துவைத்துக் கர்னலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்து நின்றார். கையில் பிடித்த கயிற்றில் அவருடைய செங்கிடா, பங்குனியில் வெட்டுவதாக வேண்டியது. நான் கழுத்தில் தட்டும்வரை கர்னல் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கலைமதி, அந்த இங்கிலீசு புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரி இவனுக்கும் ஒரு தடவ தண்ணி ஊத்திக் காட்டு. சாமி கெடா சுத்தமா இருக்கணுமில்ல, அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல."

நான் வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு சொம்பு ஊற்றினேன். செங்கிடா சட்டென்று சிலுப்பி எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது.

பெரியப்பா பதறிப்போய் இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். "உன்ன யார்ரா இப்ப கேட்டா? சும்மா நில்லுடா" என்று அதன் காதோடு கெஞ்சினார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "பங்குனிக்குள்ள பழகிடுவானா?" என்று கேட்டார்.