ஒரு சுழி உயரம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வானிலை நிலையக் கட்டடம் மட்டும், இருந்த இடத்தில் இருந்தபடியே, மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயர்ந்துபோனது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. புதுப் பதிவேட்டில் நிலையத்தின் உயரத்தை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர், பின்கட்டுக் குடியிருப்பிலிருந்து நிறைமாத மனைவி கூப்பிட்ட அவசரத்தில், 413 மீட்டருக்குப் பின்னால் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். மனிதர்கள் பதிவேட்டை மதிக்கிறார்களோ இல்லையோ, காற்று மதித்தது. காற்றழுத்தமானியில் எழுபத்திரண்டு சென்டிமீட்டரில் நின்ற பாதரசம் நாற்பத்தைந்துக்கு இறங்கியது. மேசைமேல் கிடந்த பிஸ்கட் பாக்கெட் உப்பியது. காவலாளிக்கு வாசல்படி தாண்டும்போதெல்லாம் காது அடைத்தது. வெளியே தெரு எப்போதும்போலத்தான் இருந்தது.

அன்றே அடித்துத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். மேலிடத்து உத்தரவில்லாமல் எழுதியதன்மேல் பேனா வைக்கக் கூடாது என்பது விதி. எழுத்தரோ மனைவிக்குப் பயந்ததைவிட விதிக்குக் கொஞ்சம் அதிகமாகவே பயந்தவர். கடிதம் எழுதினார், நினைவூட்டல் எழுதினார். அதற்குள் மகள் பிறந்தாள். மூன்று மணி நேரம் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிய மனைவி, பதிவேட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணி தளதளன்னு கொதிக்குது, கிழங்கு கல்லு மாதிரியே கிடக்கு. அப்படி என்னத்தைத்தான் எழுதி வச்சீங்க?"

மேலே போகப் போகக் காற்று லேசாவதையும், மேலிருந்து அழுத்தப் போதிய காற்றில்லாவிட்டால் தண்ணீர் வேண்டிய சூடு ஏறும் முன்பே கொதித்துவிடுவதையும் அவர் ஆசையாக விளக்கினார். "அப்போ நீங்களே வேகவைங்க" என்று அவள் போய்விட்டாள். ஊழியர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்கள். மகளுக்கு மட்டும் அந்தக் காற்று அவ்வளவு பிடித்திருந்தது. ஒருநாள் தெருவுக்குத் தூக்கிப்போனபோது அவள் முகம் நீலம் பாரித்தது. உள்ளே கொண்டுவந்ததும் சிரித்தாள். அன்றோடு எழுத்தர் நினைவூட்டல் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

சுழி விழுந்த பத்தாம் மாதம் மேலதிகாரியே உத்தரவோடு வந்து இறங்கினார். "ஐயா, கொஞ்சம் பொறுங்களேன்" என்றார் எழுத்தர். "லெட்டர் மேல லெட்டர் போட்டது நீங்கதானே, இப்ப என்ன?" என்று கேட்டுக்கொண்டே அவர் சுழியை அடித்தார். எல்லோருக்கும் காது அடைத்துத் திறந்தது. பின்கட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஐயோ, தொட்டில்ல புள்ளைக்கு மூச்சு வரலைங்க." உத்தரவாவது ஒன்றாவது என்று எழுத்தர் பேனாவைப் பிடுங்கி, அடித்த வரிக்குக் கீழே எழுதினார்: தொட்டில், 4130 மீட்டர். குழந்தை வீறிட்டு அழுதது.

மேலதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார். பின்கட்டுக்குப் போய்த் தொட்டிலுக்குள் தலையை விட்டார். இரண்டு காதும் டப்பென்று அடைத்தன. திரும்பி வந்து, அந்த வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார்.

அதன்பிறகு மாதம் அறுபது மீட்டராகக் குறைத்து எழுதிவந்தார்கள். தொட்டில் பத்தாமல் போனபோது 'பின்னறை' என்று திருத்திக்கொண்டார்கள். ஆறு வயதில், ஒரு புதன்கிழமை சாயங்காலம், மகள் தெரு மட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மா செருப்பை மாட்டிவிட்டு, "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்றாள். அவள் விளையாடப் போனாள்.